பெயரும் வயதும் மட்டும் போதுமா? விஸ்கிப் பகிர்வுகள் குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் விஸ்கிப் பிரியர்கள் சிலர், தாங்கள் அண்மையில் குடித்துவரும் விஸ்கிகளைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். மதுவைப் பற்றித் தமிழில் எழுதினால் ஒன்று கண்டனமாக இருக்கும், இல்லையென்றால் அரசு வருவாய்க் கணக்காக இருக்கும். சுவையைப் பொருட்படுத்தி ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் எலைட் கடைக்குப் போனால் எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவுசெய்ய முடியாது. எழுதியவர்களில் பெரும்பாலோர் பாட்டிலின் பெயர், அதன் வயது, 'ரொம்ப ஸ்மூத்' என்ற மூன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். விஸ்கியைப் பற்றி அடுத்தவருக்கு உதவும் தகவல் இந்த மூன்றில் எதிலுமே முழுமையாக இல்லை.

வயதிலிருந்து தொடங்குகிறேன். '12 வருஷம் என்பதால் தைரியமாக வாங்கலாம்', '18 என்றால் சொல்லவே வேண்டாம்' என்று இருவர் எழுதியிருந்தார்கள். லேபிளில் உள்ள 12 என்பது, அந்தப் பாட்டிலில் கலந்திருக்கும் விஸ்கிகளிலேயே வயது குறைந்ததன் வயது. மரப்பீப்பாயில் இருந்த காலம் மட்டும்தான் கணக்கு. கண்ணாடிக்குள் போனபின் வயது ஏறாது. 2005-இல் அடைக்கப்பட்ட 12 வருட விஸ்கியை அலமாரியில் 20 ஆண்டுகள் வைத்திருந்தாலும் அது 12 வருட விஸ்கிதான். இதை அறியாமல் பழைய பாட்டிலுக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஊரையும் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தின் குளிர்ந்த கிடங்கில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகிறது. தேவதைகளின் பங்கு என்று அதற்குப் பெயர். பெங்களூரில் அது 10 முதல் 12 சதவீதம். 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்காட்லாந்தில் 12 ஆண்டு கழித்து ஏறத்தாழ 157 லிட்டர் மிஞ்சும். ஆண்டுக்கு 10 சதவீதம் போகும் இடத்தில் 5 ஆண்டிலேயே 118 லிட்டராகிவிடும். 12 ஆண்டு வைத்தால் மிஞ்சுவது 56 லிட்டர். வெப்பத்தில் சாராயம் மரத்துக்குள் ஆழமாகப் புகுந்து வெளியேறுகிறது. மரத்திலிருந்து நிறமும் மணமும் வேகமாக இறங்குகின்றன. எனவே இங்கே 4, 5 ஆண்டில் எடுத்த விஸ்கியில் அங்கே பத்து ஆண்டுக்கு மேல் இருந்ததன் மரச்சுவை இருக்கலாம். அதையே மேலும் சில ஆண்டு விட்டுவைத்தால் மரம் ஓங்கிவிடும். நாக்கின் ஓரங்கள் இழுத்துக்கொள்ளும், பாக்கு மென்றது போலத் துவர்க்கும். இந்திய சிங்கிள் மால்ட்டுகள் (ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்தவை) பலவற்றில் வயது எண் இல்லாததற்குக் காரணம் இதுதான். எதையோ மறைக்கிறார்கள் என்று உங்கள் பக்கத்தில் ஒருவர் எழுதியது சரியல்ல. 2004-இல் பெங்களூரின் அம்ருத் வடிசாலை தன் சிங்கிள் மால்ட்டை முதலில் கிளாஸ்கோ நகரில் வெளியிட்டபோதும் அதில் வயது எண் இல்லை. விஸ்கி விமர்சகர் ஜிம் மரே, 'விஸ்கி பைபிள்' என்ற தன் ஆண்டு வழிகாட்டியின் 2010 பதிப்பில் அம்ருத் ஃப்யூஷனை உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கியாகக் குறித்தார். அதிலும் வயது எண் கிடையாது.

வயதுக்கு அடுத்து லேபிளில் எல்லோர் கண்ணிலும் படுவதும், ஆனால் யாரும் எழுதாததுமான எண் ஒன்று உண்டு. அது சாராயத்தின் அளவு. நம் ஊர் பாட்டில்களில் 42.8 என்ற விசித்திரமான எண்ணைப் பார்த்திருப்பீர்கள். பிரிட்டிஷ் காலத்து 'ப்ரூஃப்' கணக்கின் மிச்சம் அது. அந்தக் கணக்கில் 100 டிகிரி என்பது ஏறத்தாழ 57.1 சதவீதம் சாராயம். அதில் 75 டிகிரி என்றால் 42.8. இதே கணக்குத்தான் கிளென்ஃபார்க்ளஸ் 105 என்ற ஸ்காட்லாந்து விஸ்கியின் பெயரிலும் இருக்கிறது. அந்த 105 வயதுமல்ல, வரிசை எண்ணுமல்ல. 105 டிகிரி ப்ரூஃப், அதாவது 60 சதவீதம். இதைத் தெரியாமல் வழக்கமான அளவில் ஊற்றி, வழக்கமான வேகத்தில் குடித்தால் தொண்டையும் மறுநாள் காலையும் பாழ்.

46 என்ற எண்ணுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. விஸ்கியில் கொழுப்பு அமிலங்களிலிருந்து வந்த எஸ்டர்கள் என்னும் சேர்மங்கள் கரைந்திருக்கின்றன. வாயில் லேசான எண்ணெய்ப் பிசுக்கைத் தருபவை அவைதான். சாராயம் 46 சதவீதத்துக்குக் கீழே போய், விஸ்கியும் குளிர்ந்தால், அவை பிரிந்து திரவம் மங்கலாகிவிடும். ஐஸ் போட்டதும் கலங்குகிறதே, கெட்டுப்போய்விட்டது என்று வாடிக்கையாளர் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகப் பல நிறுவனங்கள் விஸ்கியைப் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியோ அதற்கும் கீழாகவோ குளிர்வித்து வடிகட்டுகின்றன. பார்க்கப் பளிச்சென்று இருக்கும், வாயில் கனம் குறையும். 46-க்கு மேல் அடைத்தால் இந்த வடிகட்டல் பெரும்பாலும் தேவைப்படாது. அர்ட்பெக் 10 (46 சதவீதம்), புன்னஹாவன் 12 (46.3), பால் ஜான் பிரில்லியன்ஸ் (46), அம்ருத் ஃப்யூஷன் (50) எல்லாம் இப்படிக் குளிர்வடிகட்டாமல் வருபவை. இவற்றில் குளிர்ந்த நீர் விட்டுக் கலங்கினால் பயப்படாதீர்கள். அது நல்ல அறிகுறி.

எதிலிருந்து வடித்தது என்ற கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்ச் என்றால் தானியம்தான் மூலப்பொருள். 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு, பாட்டிலில் குறைந்தது 40 சதவீதம். தண்ணீரும், நிறத்துக்காக வெறும் கேரமலும் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது. 2009-ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி ஒழுங்குவிதிகள் இதைத் தெளிவாக வரையறுக்கின்றன. சிங்கிள் மால்ட் என்றால் ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும், பானை வடிகலனில் வடித்தது. நம்மூரில் விஸ்கி என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பகுதி, கரும்பாலைக் கழிவுப் பாகான மொலாசஸிலிருந்தோ தானியத்திலிருந்தோ வடித்த மணமற்ற சாராயத்தில் கொஞ்சம் மால்ட் சேர்த்துக் கலந்தது. அதில் மொலாசஸ் வகையை ஐரோப்பிய நாடுகளில் விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. குடிக்காதீர்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சோடாவோடு குடிப்பவருக்கு அது போதும். ஆனால் பாட்டிலின் பின்புற லேபிளில் பொடி எழுத்தில் 'நியூட்ரல் ஸ்பிரிட்' என்று இருக்கிறதா, 'மால்ட் ஸ்பிரிட்' மட்டும் இருக்கிறதா என்று பார்த்து எழுதினால், படிப்பவர் ஒன்றோடொன்று ஒப்பிடக்கூடிய இரண்டைத்தான் ஒப்பிடுவார். கேரமல் நிறம் சேர்த்திருந்தால் 150ஏ என்ற குறியீடும் அங்கேயே இருக்கும். ஆகவே 'நல்ல அடர் நிறம், நன்றாக ஊறியிருக்கிறது' என்று நிறத்தை வைத்துச் சொல்வதற்கு அர்த்தமில்லை.

இனி பீப்பாய். பாதிக்கு மேற்பட்ட சுவை மரத்திலிருந்து வருகிறது என்று தொழிலில் இருப்பவர்களே சொல்வார்கள். போர்பன் எனும் அமெரிக்க விஸ்கியைப் புதிதாகக் கருக்கிய ஓக் கலனில்தான் ஊறவைக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஒருமுறை பயன்படுத்திய 200 லிட்டர் பீப்பாய்கள் அதனால் மலிவாகக் கிடைத்து, ஸ்காட்லாந்துக்கும் பெங்களூருக்கும் கோவாவுக்கும் வருகின்றன. அமெரிக்க ஓக்கில் வெனிலா மணம் தரும் வெனிலின் அதிகம், தேங்காய் மணம் தரும் லாக்டோன் அதிகம். ஷெர்ரி எனும் ஸ்பெயின் நாட்டு ஒயின் இருந்த பீப்பாய் பெரும்பாலும் 500 லிட்டர். ஐரோப்பிய ஓக்காக இருந்தால் துவர்ப்பும், கிராம்பு மணமும், உலர்பழச் சுவையும் கூடும். ஷெர்ரியை ஸ்பெயினிலேயே பாட்டிலில் அடைக்க வேண்டும் என்றான பிறகு, 1980-களிலிருந்து அந்த ஒயின் பீப்பாயில் ஏற்றுமதியாவது நின்றுபோனது. இப்போது வருபவை விஸ்கிக்காகவே ஷெர்ரி ஊற்றி ஓரிரு ஆண்டு பழக்கிய பீப்பாய்கள். ஒரே பீப்பாய் முதல்முறை நிரப்பப்பட்டதா, மூன்றாம் முறையா என்பதும் சுவையைப் புரட்டிப்போடும். ஒரே காபித்தூளில் இறக்கிய முதல் டிகாக்‌ஷனுக்கும் மூன்றாவது டிகாக்‌ஷனுக்கும் உள்ள வேறுபாடு அது.

புகையைப் பற்றிய பகுதியில் ஒரு பெரிய பிழை அச்சாகியிருந்தது. 'இந்த விஸ்கியில் 55 பிபிஎம் பீனால் இருக்கிறது' என்று அர்ட்பெக்கைக் குறிப்பிட்டு எழுதியிருந்தார்கள். பீனால் என்பது புகை மணம் தரும் சேர்மம், பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு. அந்த எண் விஸ்கியில் அளந்தது அல்ல. பீட் எனும் சதுப்பு மண்கட்டியை எரித்து அந்தப் புகையில் உலர்த்திய பார்லியில் அளந்தது. அரைத்து, ஊறவைத்து, நொதிக்கவைத்து, இருமுறை வடித்து, பீப்பாயில் வைத்து முடிக்கும்போது அதில் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. எவ்வளவு கழிகிறது என்பது வடிகலனைப் பொறுத்தது. பீனால்கள் வடிப்பின் பிற்பகுதியில்தான் அதிகம் இறங்கும். எந்த இடத்தில் வெட்டி நிறுத்துகிறார்கள் என்பதில் புகையின் அளவே மாறும். அர்ட்பெக்கில் சாராய வடிகலனோடு ஒரு சுத்திகரிப்பான் இணைந்திருக்கிறது. கனமான ஆவியைக் குளிர்வித்து மீண்டும் கலனுக்கே அது அனுப்பிவிடுகிறது. அதனால்தான் பார்லியில் 55 இருந்தும் குடிக்கும்போது எலுமிச்சை போன்ற ஒரு லேசான தன்மை மிஞ்சுகிறது. லகாவூலின் பார்லியில் சுமார் 35தான். ஆனால் பலர் நாக்கில் அதுதான் அதிகக் கனமாகத் தெரியும். ப்ருயிக்லாடி வடிசாலையின் ஆக்டமோர் 8.3 பார்லியில் 309 பிபிஎம் வரை போனது. உயரமான, ஒடுங்கிய கழுத்துள்ள வடிகலனில் வருவதால் அந்த எண் பயமுறுத்தும் அளவுக்கு அது முரடாக இருக்காது. எண்ணைப் பார்த்து மிரண்டு ஒதுங்கவும் வேண்டாம், எண்ணுக்காகவே வாங்கவும் வேண்டாம்.

இப்போது 'ஸ்மூத்'. இந்தச் சொல்லை நான் வெறுக்கக் காரணம் உண்டு. தொண்டையில் எரியவில்லை என்பதைத் தவிர அது எதையும் சொல்வதில்லை. தண்ணீர்கூட ஸ்மூத்தானதுதான். ஆங்கிலச் சுவைக் குறிப்புகளை அப்படியே தமிழாக்குவதும் உதவாது. ஹெதர் பூவையும் கிறிஸ்துமஸ் புட்டிங்கையும் முகர்ந்திராத ஒருவருக்கு அந்தச் சொற்கள் எதைக் காட்டும்? நம் அடுக்களையிலும் தெருவிலும் இருக்கும் மணங்களே போதும். அவற்றில் பல வேதியியல்படியும் அதே பொருள்தான். கிராம்பில் இருக்கும் யூஜினால் ஓக்கிலும் இருக்கிறது. நன்கு கனிந்த வாழைப்பழத்தின் மணத்தைத் தரும் எஸ்டர், ஈஸ்ட் நொதிக்கும்போதே உருவாகி விஸ்கியிலும் வருகிறது. ஓக் லாக்டோன் நல்ல கொப்பரையை உடைத்ததும் எழும் வாசனை. பீட்டிலிருந்து வரும் குவாயகால் விறகுப் புகை. கிரசால் என்றால் தார், ஆஸ்பத்திரி வராந்தா, காயத்துக்குப் போடும் டிங்சர்.

இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும் என்பதற்கு நான்கைந்து பாட்டில்களை எழுதிக் காட்டுகிறேன்.

அர்ட்பெக் 10: முகர்ந்ததும் எலுமிச்சைத் தோலைக் கிள்ளியது போல ஒரு கூர்மை, அடியில் புதிதாக ரோடு போட்ட தார். நாலு சொட்டுத் தண்ணீருக்குப் பின் வெனிலாவும் பேரிக்காயும் தலைகாட்டும். விழுங்கியபின் நெடுநேரம் சாம்பல்.

லகாவூலின் 16: டிங்சர், சாம்பிராணி, கடல் உப்புக்கு நடுவே பேரீச்சையின் இனிப்பு. 43 சதவீதம்தான் என்பதால் தண்ணீரை அதிகம் தாங்காது. 30 மில்லிக்கு 2 மில்லியைத் தாண்டினால் நீர்த்துவிடும்.

புன்னஹாவன் 12: புகை விஸ்கிக்குப் பெயர்போன ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் வடித்தது என்பதற்காகப் புகையை எதிர்பார்த்து வாங்கி ஏமாறக் கூடாத பாட்டில். கிஸ்மிஸ், வறுத்த உப்புக்கடலை, லேசான காபி. புகை கிட்டத்தட்ட இல்லை.

அம்ருத் ஃப்யூஷன்: கால் பங்கு பீட் புகையிட்ட ஸ்காட்லாந்து பார்லி, முக்கால் பங்கு இந்திய பார்லி. கமலா ஆரஞ்சுத் தோல், வறுத்த காபிக்கொட்டை, தூரத்தில் கொட்டாங்கச்சி எரியும் புகை. 50 சதவீதம் இருப்பதால் தண்ணீர் கேட்கும்.

பால் ஜான் பிரில்லியன்ஸ்: கோவாவில் வடித்தது, புகை இல்லை. தேன், பட்டை, வெல்லப்பாகு காய்ச்சும்போது கம்பிப்பதத்துக்குச் சற்று முன் எழும் வாசனை. முதன்முதலாக சிங்கிள் மால்ட் பக்கம் வருகிறவருக்கு இதையே முதலில் கொடுக்கலாம்.

குறையையும் இதேபோல் சொல்லலாம், சொல்ல வேண்டும். ஷெர்ரி பீப்பாய் விஸ்கியில் தீபாவளி மறுநாள் காலைத் தெருவின் வெடிமருந்து வாசனை வந்தால் அது கந்தகம். காலிப் பீப்பாய் கெடாமலிருக்க உள்ளே கந்தகத் திரி கொளுத்தும் வழக்கத்திலிருந்து அது வரலாம். கண்ணாடிக் குவளையைத் திறந்து வைத்தால் அரை மணியில் கொஞ்சம் தணியும், முழுதும் போகாது. மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் கார்க் கெட்டிருக்கிறது. அதற்கு வைத்தியம் இல்லை. சோப்பு வாசனை வந்தால் விஸ்கியைக் குறைசொல்லும் முன் குவளையைச் சந்தேகியுங்கள். அலமாரியில் கவிழ்த்து வைத்த குவளை, பாச்சை உருண்டை வாசனையைக்கூடப் பிடித்து வைத்திருக்கும். குடிக்குமுன் வெறும் வெந்நீரில் அலசி, துணியால் துடைக்காமல் காயவிடுவது போதும்.

நம் வெப்பத்தில் விஸ்கியைச் சுவைப்பது குறித்து அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை என்பது பெரிய குறை. 'அறை வெப்பநிலையில் குடியுங்கள்' என்று நூல்கள் சொல்லும்போது அவர்கள் நினைப்பது ஸ்காட்லாந்தின் 18, 20 டிகிரி அறையை. மே மாதச் சென்னையில் அறை 33 டிகிரி. அந்த வெப்பத்தில் சாராய ஆவிதான் முதலில் கிளம்பி மூக்கைச் சுடும், மற்ற மணங்கள் அதற்குப் பின்னால் மறைந்துவிடும். உடனே ஐஸ் போட்டால் மறுகோடிக்குப் போய்விடுவோம்: மணம் அடங்கிவிடும், பத்து நிமிடத்தில் கணக்கில்லாமல் தண்ணீரும் சேர்ந்துவிடும். நடுவழி எளிது. 30 மில்லி ஊற்றிய குவளையைச் சிறு தட்டால் மூடி, அடிப்பாகம் மட்டும் மூழ்கும்படி மண்பானைத் தண்ணீர் நிறைந்த கிண்ணத்தில் ஐந்தாறு நிமிடம் வையுங்கள். ஃபிரிட்ஜில் வைப்பதென்றால் கட்டாயம் மூடித்தான் வைக்க வேண்டும். இல்லையென்றால் மல்லித்தழையும் பூண்டும் குவளைக்குள் வந்துவிடும். தொட்டால் குளுமை தெரிய வேண்டும், வெளியே வியர்க்கக் கூடாது. அந்தப் பதம் போதும்.

குவளை அடி பருத்து வாய் ஒடுங்கியதாக இருக்க வேண்டும். வாயகன்ற டம்ளரில் மணம் தங்காது. ஒயினைச் சுழற்றுவது போல வேகமாகச் சுழற்ற வேண்டாம், அது சாராய ஆவியைத்தான் எழுப்பும். வாயை லேசாகத் திறந்துகொண்டு, குவளையை முதலில் மோவாய் அருகே, பிறகு கீழுதட்டருகே, பிறகு மூக்கருகே கொண்டுவாருங்கள். அறையில் ஊதுபத்தி, கொசுவர்த்தி, தலையில் மல்லிகை, மூன்றும் கூடாது. காரமாகச் சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் எதையும் மதிப்பிடாதீர்கள். மிளகாயின் எரிவும் சாராயத்தின் எரிவும் ஒன்றையொன்று தூக்கிவிடும். அன்று எந்த விஸ்கியும் முரடாகவே தெரியும். இரண்டு விஸ்கிகளுக்கு நடுவே வாயைத் துடைக்க உப்பு, காரம் போடாத வெறும் பொரி நன்றாக உதவும். முதல் மிடறு நாக்கைப் பழக்கத்தான். இரண்டாவது மிடறை வாயில் பத்து விநாடி வைத்திருந்து, அதை வைத்து எழுதுங்கள். பல பாட்டில்களைப் பார்ப்பதென்றால் புகையற்றதில் தொடங்கிப் புகையுள்ளதில் முடிக்க வேண்டும். வரிசை மாறினால் அர்ட்பெக்குக்குப் பின் வந்த பிரில்லியன்ஸ் வெறும் சர்க்கரைத் தண்ணீராகத் தெரியும்.

தண்ணீர் சேர்ப்பது குற்றமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கலப்பு வல்லுநர்களே மாதிரிகளை 20 சதவீதத்துக்கு நீர்த்துத்தான் முகர்கிறார்கள். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2017-இல் கணினி வழி ஆய்வில், நீர்க்கும்போது குவாயகால் திரவத்தின் மேற்பரப்பை நோக்கி வருவதைக் காட்டினார்கள். தண்ணீர் விட்டதும் புகை மணம் திறப்பதாக நாம் உணர்வதற்கு அது ஒரு விளக்கம். ஆனால் அளவு முக்கியம். மருந்துக்கடையில் ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 30 மில்லி, 60 சதவீத விஸ்கியை 46-க்கு இறக்க 9 மில்லி தண்ணீர் வேண்டும். 40-க்கு இறக்க 15 மில்லி. 30 மில்லி, 50 சதவீதத்தை 46 ஆக்க இரண்டரை மில்லி போதும். 46-ஐ 40 ஆக்க நாலரை மில்லி. கணக்கு எளிது: விஸ்கியின் அளவை அதன் சதவீதத்தால் பெருக்கி, வேண்டிய சதவீதத்தால் வகுத்தால் மொத்த அளவு கிடைக்கும், அதில் விஸ்கியின் அளவைக் கழித்தால் தண்ணீர். ஒரேயடியாக விடாமல் 1 மில்லியாக விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து முகர்ந்து போங்கள். விட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. ஆர்.ஓ. தண்ணீர் பொருந்தும். ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பும் குழாய்த் தண்ணீரின் குளோரினும் நல்ல விஸ்கியை ஒரே நொடியில் கெடுத்துவிடும்.

எழுதுகிறவர்கள் சொல்ல மறக்கும் இன்னொன்று, பாட்டில் திறந்து எத்தனை நாள் ஆயிற்று, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது. அன்றே திறந்த பாட்டிலின் முதல் ஊற்றும், மூன்று மாதம் கழித்துப் பாதியில் நிற்கும்போது ஊற்றியதும் ஒன்றல்ல. பாதிக்கு மேல் இருக்கும்வரை ஓராண்டுகூடத் தாங்கும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனபின் உள்ளே காற்றுதான் அதிகம். சில மாதங்களில் மேல்மணங்கள் மங்கும். புகை விஸ்கியில் முதலில் மங்குவது புகைதான். மிச்சத்தை 180 மில்லி கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி மாற்றிவிடலாம். ஊறுகாய், இருமல் மருந்து இருந்த பாட்டில் வேண்டாம், எத்தனை கழுவினாலும் வாசனை போகாது. பிளாஸ்டிக்கும் வேண்டாம். முக்கியமாக, அதே கதியில் இருக்கும் பாட்டிலைச் சுவைத்துவிட்டு 'முன்பு போல இல்லை, கம்பெனி கலப்படம் செய்கிறது' என்று எழுதுவதை நிறுத்தலாம்.

அளவு குறித்தும் ஒரு வரி அந்தப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். 30 மில்லி, 42.8 சதவீத விஸ்கியில் சுமார் 10 கிராம் சுத்தச் சாராயம். அதே 30 மில்லி 60 சதவீதம் என்றால் 14 கிராமுக்கு மேல். 'ரெண்டு பெக்தான்' என்ற கணக்கு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். மோட்டார் வாகனச் சட்டப்படி வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். சுவைத்துப் பார்க்கும் நாளில் வண்டிச் சாவியைத் தொடாமலிருப்பதுதான் வழி. நான்கைந்து பாட்டில்களை ஒரே அமர்வில் பார்ப்பவர்கள் துப்பிவிடுவதற்கு ஒரு சொம்பு வைத்துக்கொள்வது தொழில்முறை வழக்கம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆகவே, அடுத்த முறை இப்படி ஒரு பக்கம் வரும்போது ஒவ்வொரு பாட்டிலுக்கும் பெயர், வயதோடு இவற்றையும் கேட்டு வாங்கிப் போடுமாறு வேண்டுகிறேன்: எத்தனை சதவீதம், எந்தப் பீப்பாய், புகை உண்டா, திறந்து எவ்வளவு நாள், எவ்வளவு தண்ணீர் விட்டார்கள், எந்த வாசனை வந்தது. ஆளுக்கு ஆறு வரிதான் ஆகும்.

கடைசியாக, அந்தப் பக்கத்தின் தலைப்புப் படம். வெயில் விழும் ஜன்னலோரம், மரச்சட்டத்தில் பாட்டில்கள் படுக்க வைக்கப்பட்டிருந்தன. ஒயினை அப்படி வைப்பார்கள், விஸ்கியை வைக்கக் கூடாது. ஒயினில் 13, 14 சதவீதம்தான் சாராயம்; கார்க் நனைந்திருந்தால் அதற்கு நல்லது. 40 சதவீதத்துக்கு மேற்பட்ட சாராயம் கார்க்கை அரித்துப் பொடியாக்கும், அந்த வாசனையையும் விஸ்கிக்குள் இறக்கிவிடும். வெயில் பட்டால் நிறமும் மணமும் வெளுக்கும். சூட்டில் உள்ளே காற்று விரிந்து கார்க்கைத் தள்ளும், ஆவி கசியும். பாட்டிலை அதன் அட்டைப்பெட்டிக்குள்ளேயே, நிமிர்த்தி, பீரோவின் அடித்தட்டில் வையுங்கள். பரணில் வேண்டாம், ஃபிரிட்ஜின் தலையிலும் வேண்டாம்.

ஏற்கெனவே படுக்க வைத்தவர்களுக்கு: திறக்கும்போது கார்க்கை மேல்நோக்கி இழுக்காமல், மெல்லத் திருகியபடி எடுங்கள். பாதியில் உடைந்தால் மிச்சத்தை ஒயின் திருகியால் சாய்வாகக் குத்தி இழுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் உள்ளேயே தள்ளிவிட்டு, அன்றே காபி வடிதாள் வழியாக, நன்கு காய்ந்த வேறு கண்ணாடிப் பாட்டிலுக்கு வடிகட்டிவிடுங்கள். தீர்ந்துபோன பழைய பாட்டில்களின் நல்ல கார்க்குகளைக் கழுவிக் காயவைத்து இரண்டு மூன்று எடுத்து வைத்திருந்தால் அந்த நேரத்தில் கைகொடுக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
கோயம்புத்தூர்